மாறாமை சமநிலையாகுமா?

நெடுங்காலம் மாறாதிருக்கும் ஒன்றைக் கண்டதும் அது தன் இயல்பிலேயே நிலைபெற்றுவிட்டது என்று கொள்வது மனித மனத்தின் பழைய வழக்கமாகும். பூசல் எழாத வீடு இணக்கமுடையது என்றும், முறைப்பாடு வராத ஊர் குறைவற்றது என்றும், நூறாண்டு நீடித்த ஏற்பாடு நியாயமானது என்றும் அவ்வழக்கம் தீர்ப்பளிக்கும். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட தீர்ப்பு அறவியலின் ஆய்வுக்கு உரியது. ஓர் ஏற்பாடு நீடித்திருத்தல் அதன் நியாயத்துக்குச் சான்றாகுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்து, அறநூல்களுக்குப் புறம்பான ஒரு துறை பெரிதும் துணைபுரிகின்றது. திண்மங்களில் வெப்பம் பாயும் விதத்தை ஆராயும் கணிதமே அத்துறை. அது வகுத்துத் தரும் ஒரு வேறுபாட்டைச் சோதித்துப் பார்ப்பதற்கு நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் ஏற்ற களமாகும். அங்கு தொழிலும் வாழ்வும் வெப்பத்தையும் குளிரையும் ஒட்டியே அமைந்துள்ளன.

தமிழ் மரபில் நீதிக்கு உவமையாக நிற்பது துலாக்கோல். திருக்குறளின் நடுவு நிலைமை என்னும் அதிகாரம் சான்றோரின் நேர்மையைத் தராசின் கோலோடு ஒப்பிடுகின்றது. அக்கோல் கிடையாக அசைவின்றி நிற்பதற்கு இரு காரணங்கள் இருத்தல் கூடும். இரு தட்டுகளிலும் பாரம் ஒத்திருப்பது ஒன்று. ஒத்திராத பாரத்தை எவரோ விரலால் தாங்கிப் பிடித்திருப்பது மற்றொன்று. தொலைவில் நின்று கோலை மட்டும் நோக்குபவர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். விரலை எடுத்த பின்னரே வேறுபாடு புலனாகும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், சாக்கின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்கும் எனக் கிலோக்கள் கழிக்கப்படுவதைக் கண்ட தொழிலாளர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். தராசு அசைவற்று நிற்பதால் மட்டும் நிறுவை நேரியதாகிவிடாது என்பது அவர்கள் அனுபவம். இவ்வனுபவத்தைப் பௌதிகவியல் எண்ணளவில் வரையறுத்துக் கூறுகின்றது.

ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குவெட்டும் கொண்ட இரும்புக் கோல் ஒன்றைக் கருதுக. அதன் ஒரு முனை கொதிநீரிலும் மறு முனை உருகும் பனிக்கட்டியிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கங்கள் வெப்பம் வெளியேறாதவாறு பொதியப்பட்டுள்ளன. தொடக்கத்தில் கோலின் ஒவ்வோரிடத்திலும் வெப்பநிலை மாறிக்கொண்டிருக்கும். சில மணித்தியாலங்கள் கழிந்ததும் மாற்றம் ஓய்ந்துவிடும். கொதிநீர் முனையில் 100 பாகை செல்சியஸ், நடுவில் 50 பாகை, பனிக்கட்டி முனையில் பூச்சியம் என நேர்கோட்டில் இறங்கும் ஒழுங்கு அமையும். அதன்பின் கோல் நெடுகிலும் வெப்பமானிகளைப் பதித்து நாள் முழுவதும் காத்திருந்தாலும் ஒவ்வொன்றும் தன் அளவையே திரும்பத் திரும்பக் காட்டும். வெப்பமானிகளை மட்டும் நோக்குபவர் இங்கு எதுவும் நிகழவில்லை என்றே எழுதிவைப்பார். ஆயின் பனிக்கட்டிப் பாத்திரத்தை நோக்குபவர், மணித்தியாலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 கிராம் பனிக்கட்டி கோலின் வழியே வந்த வெப்பத்தால் உருகிப்போவதைக் காண்பார். மறுபுறத்தில், நீரைக் கொதிநிலையில் வைத்திருப்பதற்காக அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருக்கும். கோலின் வெப்பநிலை மாறவில்லை. கோலினூடான பாய்ச்சலோ ஒரு கணமும் ஓயவில்லை.

இந்நிலையைப் பௌதிகவியல் உறுதி நிலை என்று வழங்கும். கோலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வெப்பநிலையை எய்தி, பாய்ச்சலே இல்லாதொழியும் நிலையைச் சமநிலை என்று வழங்கும். இரண்டிலும் காலத்தோடு எம்மாற்றமும் இல்லை. அவற்றை வேறுபடுத்தி அறிவதற்குரிய சோதனை புறத்தொடர்பை அறுத்துப் பார்த்தலாகும். சமநிலையில் உள்ள கோலைச் சூழலிலிருந்து பிரித்துப் பொதிந்து வைத்தாலும் அது முன்பிருந்தவாறே இருக்கும். உறுதி நிலையில் உள்ள கோல் பிரித்த மாத்திரத்தே மாறத் தொடங்கிவிடும். எனவே உறுதி நிலை என்பது புறத்தேயிருந்து ஓயாது செலவிட்டுப் பேணப்படும் நிலை என்பது பெறப்படும். அச்செலவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1865ஆம் ஆண்டில் கிளௌசியஸ் பெயரிட்ட எந்திரப்பி என்னும் கணியம் இதனை அளவிட உதவும். உறுதி நிலையில் கோலினது எந்திரப்பி மாறுவதில்லை. ஆனால் கோலையும் அடுப்பையும் பனிக்கட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்த எந்திரப்பி இடையறாது பெருகிக்கொண்டிருக்கும். கோலின் மாறாமைக்குரிய விலை கோலுக்கு வெளியே செலுத்தப்படுகின்றது என்பதே இதன் பொருள்.

இப்பாய்ச்சலைக் கணிதத்தில் அமைத்துக் காட்டியவர் பிரான்சு தேசத்து யோசப் பூரியர். தையற்காரர் ஒருவரின் மகனாக 1768இல் பிறந்து இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், கிரனோபிள் நகரில் ஆட்சி அதிகாரியாகப் பணியாற்றிய காலத்தில் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். 1807இல் அவர் பாரிசுக் கலாநிலையத்துக்கு அளித்த கட்டுரை இலகிராஞ்சி முதலியோரின் ஆட்சேபத்துக்கு உள்ளாயிற்று. அவரது வெப்பக் கொள்கை நூலாக வெளிவந்தது 1822இலேயே. ஓரிடத்தில் பாயும் வெப்பம் அவ்விடத்து வெப்பநிலைப் படித்திறனுக்கு நேர்விகித சமமானது என்பது அவர் கண்ட விதி. வெப்பம் அழிவதில்லை என்னும் கருத்தோடு இவ்விதியை இணைத்தால், காலத்தையும் இடத்தையும் தொடர்புபடுத்தும் பகுதி வகையீட்டுச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். வெப்பம் யாது என்பது அக்காலத்தில் தீர்க்கப்படாத வழக்கு. அவ்வழக்கில் புகாமலே, வெப்பம் எவ்வாறு பாயும் என்பதை மட்டும் பூரியர் எடுத்துரைத்தார். கணித மாதிரியுரு ஒன்றின் வலிமையும் வரம்பும் இவ்வணுகுமுறையிலேயே அடங்கியுள்ளன.

பூரியரின் சமன்பாட்டிலிருந்து பெறப்படும் முடிபுகளுள் இரண்டு ஈண்டு கருதத்தக்கன. முதலாவது, உறுதி நிலையை எய்திய கோல் தன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றது. தொடக்கத்தில் அது முழுவதும் சூடாக இருந்ததோ, குளிராக இருந்ததோ, நடுவில் மட்டும் காய்ச்சப்பட்டதோ, எவ்வாறாயினும் இறுதியில் அமையும் ஒழுங்கு ஒன்றே. அவ்வொழுங்கைப் பார்த்துக் கோலின் வரலாற்றை அறிய இயலாது. இரண்டாவது, நடுவில் உள்ள புள்ளி ஒன்றின் வெப்பநிலையை நிர்ணயிப்பவை எல்லைகளே. உள்ளே வெப்பம் பிறக்கும் ஊற்று எதுவும் இல்லாதவிடத்து, உட்புள்ளி எதுவும் எல்லைகளை விஞ்சிச் சூடாகவோ குளிராகவோ இருத்தல் இயலாது. நடுப்புள்ளி ஏன் 50 பாகையில் இருக்கின்றது என்னும் வினாவுக்கு அப்புள்ளியை எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் விடை கிடைக்காது. கோலின் முனைகளில் என்ன வைக்கப்பட்டிருக்கின்றது என்று பார்த்தால் விடை உடனே கிடைக்கும்.

இரும்புக் கோல் ஆய்வுகூடப் பொருள். இதே நிலை தொழில் அளவில் அமைந்திருப்பதை மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் காணலாம். தோட்டத்தார் ஸ்டோர் என்று அழைக்கும் அக்கட்டடத்துள், கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்ட பின் உலர்த்தியை அடைகின்றது. பறித்த கொழுந்தின் நிறையில் முக்காற் பங்குக்கு மேற்பட்டது நீரே. முடிவுற்ற தேயிலையில் எஞ்சுவது 3 சதவீதம் அளவே. நான்கரைக் கிலோகிராம் கொழுந்து ஒரு கிலோகிராம் தேயிலையாகச் சுருங்குவது இதனாலாகும். வாட்டும் தொட்டிகளில் நீரின் பெரும்பகுதி மெல்ல நீங்கிவிடுகின்றது. எஞ்சியதை நீக்கி, நொதித்தலையும் தக்க பதத்தில் நிறுத்துவது உலர்த்தியின் தொழில். சங்கிலியிற் கோத்த துளைத் தட்டுகளில் இலை மேலிருந்து கீழாக நகர, ஏறத்தாழ 90 முதல் 100 பாகை வரையிலான சூடான காற்று கீழிருந்து மேலாகச் செல்லும். இலையின் பயணம் சுமார் 20 நிமிடம். ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும் காற்று 50 பாகையை ஒட்டியிருக்கும்.

உலர்த்தி சீராக ஓடும்போது அதன் ஒவ்வொரு தட்டு வரிசையிலும் வெப்பநிலை மாறாதிருக்கும். கீழ்வரிசை எப்போதும் கடுஞ்சூடு. மேல்வரிசை எப்போதும் மிதச்சூடு. பொறியைக் காவல் செய்பவர் விரும்புவதும் இம்மாறாமையையே. ஆயின் அவ்வரிசைகளில் எந்த இலையும் தங்குவதில்லை. எந்தக் காற்றும் தங்குவதில்லை. விறகு இடுபவர் கால் மணித்தியாலம் அயர்ந்தாலும் அளவுகள் சரியத் தொடங்கும். உட்செல்லும் காற்று அளவுக்கு மேல் சூடாயின் இலையின் புறம் இறுகி அகம் ஈரத்தோடு நின்றுவிடும். அத்தேயிலை பெட்டியில் கெட்டுப்போகும். வெளியேறும் காற்றின் சூடு குறையின் இலை உலராமல் அவிந்து சுவை கெடும். 1925இல் நிறுவப்பெற்று, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்ற நிறுவனங்களின் ஆய்வுப் பொருள்களுள் இத்தகைய நுட்பங்களும் அடங்கும். வெப்பமானியில் தெரியும் அமைதி, கண்ணுக்குத் தெரியாத ஓயாத உழைப்பின் விளைவு என்பதை உலர்த்தியை விடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

இத்தகைய நிலைகளைக் கணிதத்தில் அமைப்பவர் சிலவற்றைத் தாமே தீர்மானிக்க வேண்டியவராகின்றார். எதனைத் தொகுதி எனக் கொள்வது, எல்லையை எங்கு வரைவது, உள்ளே ஊற்று உண்டெனக் கொள்வதா இல்லையெனக் கொள்வதா என்பனவே அவை. இத்தீர்மானங்களைச் சமன்பாடு செய்து தராது. கெல்வின் பிரபு என்று பின்னர் அழைக்கப்பெற்ற வில்லியம் தொம்சன் 1862இல் பூரியரின் சமன்பாட்டைக் கொண்டு பூமியின் வயதைக் கணித்தார். உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்துவருகின்றது என்றும், அதன் உட்பகுதி திண்மமாக இருந்து கடத்தலால் மட்டும் வெப்பத்தை இழக்கின்றது என்றும் அவர் கொண்டார். 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு வரை என விடை வந்தது. பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு என்பது இன்று அறியப்பட்ட உண்மை. கெல்வினின் கணக்கில் பிழையில்லை, சமன்பாட்டிலும் பிழையில்லை. பூமியின் ஆழத்தில் பொருள் மெல்லச் சுழன்று வெப்பத்தை மேலே கொணரக்கூடும் என்பது கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1895இல் இக்குறையை எடுத்துக்காட்டியவர் அவரிடம் முன்னர் உதவியாளராக இருந்த ஜோன் பெரி என்பவர். மாதிரியுருவின் பிழை பெரும்பாலும் அது கூறுவதில் இருப்பதில்லை. கூறாது விட்டதில் இருக்கும் என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

பூரியரின் விதியும் இன்றுவரை தன் அடித்தளத்தை முற்றாகக் காட்டிவிடவில்லை. அணுக்களின் இயக்க விதிகளிலிருந்து அவ்விதியைக் கணித முறைப்படி நிறுவுதல் இன்றும் பெருஞ்சவாலாகவே உள்ளது. 1967இல் றீடர், லெபோவிற்ஸ், லீப் ஆகிய மூவர் ஓர் எளிய மாதிரியுருவை ஆராய்ந்தனர். இலட்சிய விற்களால் பிணைக்கப்பட்ட அணுச்சங்கிலி ஒன்றின் இரு முனைகளையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தால் நடுவில் என்ன நிகழும் என்பதே அவர்கள் வினா. இரும்புக் கோலில் காணும் சரிவு அங்கு தோன்றவில்லை. சங்கிலியின் நடுப்பகுதி முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நின்றது. பாய்ச்சலோ சங்கிலி எத்துணை நீளமாயினும் குறையவில்லை. ஒன்றோடொன்று மோதி இடர்ப்படாத அலைகள் ஆற்றலைத் தடையின்றிக் கடத்திச் சென்றமையே காரணம். உள்ளே மோதலும் தடையும் இருந்தால்தான் ஒவ்வோரிடமும் தனக்கென ஒரு வெப்பநிலையைப் பெறும். அப்போதுதான் சரிவும் அளவையில் புலப்படும். எதனையும் எதிர்ப்பின்றிக் கடத்திவிடும் ஊடகத்தில் பாய்ச்சல் பெரிதாக இருக்கும். அதன் அடையாளம் மட்டும் காணப்படாது. அமைதி மிக்கதாகத் தோன்றும் இடத்திலேயே பாய்ச்சல் மிகுந்திருக்கக்கூடும் என்னும் இம்முடிபு சிந்தனைக்குரியது.

எல்லையை வரையும் தீர்மானம் எத்தகையது என்பதைத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவுடன் உணரலாம். உலர்த்திக்குச் சிறிது தொலைவிலேயே லயங்கள் உள்ளன. குடியேற்றவாட்சிக் காலத்தில் கட்டப்பட்ட அவற்றுள் பல இன்றும் குடியிருப்புகளாகவே இருந்துவருகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், தை மாசி மாதங்களின் முகிலற்ற இரவுகளில் தரையில் உறைபனி படிந்து தேயிலைத் தளிர் கருகுவதுண்டு. அத்தகைய இரவில் லயத்தின் தகரக் கூரை வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை வீசிவிடுகின்றது. தகரத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதன் வெப்பத் தடை கணக்கில் எடுக்கத்தக்கதன்று. கூரையின் உட்புறம் காம்பராவின் காற்றை விடக் குளிர்ந்து, உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் அதில் படிந்து சொட்டும். உலர்த்தியை ஆளும் அதே விதிகளே இக்காம்பராவையும் ஆளுகின்றன. ஆனால் உலர்த்தியின் சூடு ஒழுங்காக அளக்கப்படுகின்றது. காம்பராவின் குளிரை அளக்கும் வெப்பமானி தொழிற்சாலையின் கணக்கில் இல்லை. ஒரு கிலோகிராம் தேயிலைக்கு எத்துணை வெப்பம் செலவாகின்றது என்று கணிப்பவர் தம் தொகுதியின் எல்லையைத் தொழிற்சாலைச் சுவரோடு நிறுத்திவிடுகின்றார். அக்கொழுந்தைப் பறித்தவர் இரவில் இழக்கும் வெப்பம் எல்லைக்கு அப்பாற்பட்டதாகின்றது.

இவ்விடத்து, எடுத்துக்கொண்ட அறவினாவுக்குத் திரும்பலாம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வணிக நோக்கில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின், கோப்பி அழிந்த மலைகளெங்கும் தேயிலை பரவியது. மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோரின் உழைப்பால் உருவான தோட்ட அமைப்பு தலைமுறை தலைமுறையாக வடிவம் மாறாது நின்றது. காலையில் பெரட்டு, பகலில் மலை, மாலையில் மடுவம், இரவில் காம்பரா என்னும் ஒழுங்கு பாட்டிக்கும் பேர்த்திக்கும் ஒன்றாகவே இருந்தது. இந்நீடிப்பைச் சுட்டி, இம்மக்கள் இவ்வாழ்வுக்குப் பழகிவிட்டனர் என்று கூறியவர் உளர். வெப்பமானியை மட்டும் நோக்கியவரின் கூற்று இது. அந்நெடுங்காலத்திலும் மலையிலிருந்து ஒரு பாய்ச்சல் ஓயாது நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாக நின்றது தேயிலையே. அதனைப் பறித்தோரின் பிரதிநிதிகளாக இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தபின் 1952இல் ஒருவரும் தெரிவாகவில்லை. வாக்கு நின்றுபோயிற்று, கொழுந்து நின்றுபோகவில்லை.

உறுதி நிலையா சமநிலையா என்று அறியும் சோதனை புறத்தொடர்பு அறும்போது என்ன நிகழ்கின்றது என்று பார்ப்பதே எனக் கண்டோம். எவரும் விரும்பித் திட்டமிடாத அத்தகைய சோதனை 1973, 1974ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, நாட்டில் மாவும் அரிசியும் அருகியபோது, பயிரிடத் தமக்கென நிலமற்ற தோட்ட மக்களிடையே பட்டினிச் சாவுகள் ஏற்பட்டன. நூறாண்டு நிலைத்ததாகத் தோன்றிய வாழ்வு சில மாதங்களில் சரிந்தது. தனக்கென எச்சேமிப்பும் இல்லாத கோல், அடுப்பு அணைந்ததும் குளிர்வது போன்றது அது. மாறாமை அம்மக்களின் உடைமையாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு அவ்வாண்டுகள் சான்று.

ஆயினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தல் ஆகாது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகவே செல்லும். அது சூடானதைக் குறைத்துக் குளிர்ந்ததைக் கூட்டும். தோட்டத்தின் பாய்ச்சல் எதிர்த்திசையானது. இல்லாதவரிடமிருந்து உள்ளவரை நோக்கி அது சென்றது. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் குளிரூட்டியில் உள்ளது போன்ற ஒரு பொறி வேலை செய்தாக வேண்டும் என்பது வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. தோட்டத்தில் அப்பொறியின் உறுப்புகள் பெரும்பாலும் தாளால் ஆனவை. தொழிலாளியின் கடனை எழுதி அவரைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அவற்றுள் ஒன்றாக இருந்தது. பரம்பரைப் பிறப்பை ஆவணத்தால் நிறுவுமாறு ஆவணமற்றோரைக் கேட்ட சட்டம் மற்றொன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பின்னர் தீர்மானிக்கப்படும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரின் கருத்து கேட்கப்படவில்லை. கோலின் எல்லையில் எதனை வைப்பது என்று கோலிடம் கேட்பதில்லை. மனிதரிடம் கேட்காதிருப்பதோ அறத்தின் முன் பொறுப்புக் கூறவேண்டிய செயலாகும். இயற்கை விதியின் பெயரால் அதனை நியாயப்படுத்த இடமில்லை.

மற்றுமோர் ஆட்சேபமும் கருதத்தக்கது. சமநிலையே இலட்சியமாயின், பாய்ச்சல் அனைத்தும் ஓய்ந்த நிலையே நீதி என்றாகுமன்றோ? அவ்வாறன்று. உயிருள்ள உடல் ஒருபோதும் சமநிலையில் இல்லை. உண்டும் மூச்செறிந்தும் வெப்பத்தை வெளிவிட்டுமே அது தன் 37 பாகையைப் பேணுகின்றது. சூழலோடு சமநிலை எய்திய உடல் பிணமாகும். இக்கருத்தை 1944இல் வெளிவந்த தம் நூலில் சுரோடிங்கர் விளக்கினார். சமநிலைக்கு அப்பாற்பட்ட பாய்ச்சல்களே புதிய ஒழுங்குகளைத் தோற்றுவிக்க வல்லன என்னும் ஆராய்ச்சிக்காக இலியா பிரிகோஜின் 1977இல் நோபெல் பரிசு பெற்றார். எனவே பாய்ச்சல் இருத்தல் குற்றமன்று. உழைப்பும் பண்டமும் பாயாத சமுதாயம் வாழாது. குற்றம் எங்குள்ளது எனின், பாய்ச்சலை மறைத்து அதனைச் சமநிலை என்று பெயரிட்டு அழைப்பதிலேயே உள்ளது. சமநிலை என்று அழைக்கப்பட்ட ஒன்றுக்குச் செலவுக் கணக்குத் தேவையில்லை. உறுதி நிலை என்று ஒப்புக்கொண்டால், அதனைப் பேணுபவர் யார், அதன் விலை யாரிடமிருந்து பெறப்படுகின்றது, எல்லைகளை வகுத்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறியாக வேண்டும்.

மனிதர் கோலின் புள்ளிகளிலிருந்து வேறுபடும் இடம் இன்னும் ஒன்று உண்டு, அதுவே தலையாயது. உட்புள்ளி எதுவும் தன் எல்லையை மாற்ற வல்லதன்று. மலையக மக்களோ மாற்றினர். தொழிற்சங்கமாக ஒன்றுசேர்ந்து இழுத்து நிறுத்திய வேலைநிறுத்தங்களும் இடைவிடாத கோரிக்கைகளும் சட்டத்தின் எல்லைகளை அசைத்தன. 1988ஆம் ஆண்டின் சட்டத்தையும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தையும் அடுத்து நாடற்றோர் என்னும் பெயர் நீங்கியது. நாட்கூலி 1,000 ரூபா என்பது பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2021 மார்ச்சிலேயே வேதனச் சபை வழியாக வர்த்தமானியில் இடம்பெற்றது. இவை போதிய அளவினவா என்பது வேறு வினா. உள்ளிருந்து எழுந்த தடையே மறைந்திருந்த சரிவை நாட்டின் கண்ணுக்குப் புலப்படுத்தியது என்பது மறுக்கவொண்ணாதது. மோதலற்ற சங்கிலி பற்றிய 1967ஆம் ஆண்டு முடிபின் பின்னணியில் நோக்கினால், அமைதியைக் குலைத்தனர் என்று அத்தொழிலாளர் மீது சாட்டப்படும் குற்றம் எத்துணைப் பொருளற்றது என்பது விளங்கும்.

வெப்பக் கடத்தலைக் கற்கும் மாணவர் தம் பயிற்சிக் கணக்குகளில் உறுதி நிலை எனக் கொள்க என்னும் தொடரை அடிக்கடி எதிர்கொள்வர். அத்தொடரைக் கண்டதும் சமன்பாட்டில் காலத்தைக் குறிக்கும் உறுப்பைப் பூச்சியமாக்கிவிட்டு மேற்செல்வது வழக்கம். அங்கு பூச்சியமாவது காலத்தோடு நிகழும் மாற்றம் மட்டுமே. பாய்ச்சல் பூச்சியமாவதில்லை, அதனைத் தாங்கும் அடுப்பும் உருகும் பனிக்கட்டியும் கணக்கிலிருந்து மறைந்தாலும் உலகிலிருந்து மறைவதில்லை. ஓர் ஏற்பாடு நீடித்திருக்கின்றது என்று கேள்விப்படும்போது, அந்நீடிப்புக்கு விறகாவது யாது, உருகிக்கொண்டிருப்பது யாது என்று கேட்பதே கற்றோர் கடன். அவ்விரண்டுக்கும் விடை தெரியும்வரை நீடிப்பு என்பது ஓர் அளவீடு மட்டுமே. அதனை நியாயத்தின் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது.